மேல்கணக்கின் ஒரே ஓட்டு

மூடிய கையோடு வந்தார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து, கூடையின்மேல் போர்த்தியிருந்த சாக்கை லேசாகத் தூக்கி, கையை உள்ளே விட்டு விரித்து, வெறுங்கையாக எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். யார் எதைப் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது.

கடைசித் தேயிலைக் கொழுந்தும் நிறுத்து முடிந்து ஆட்கள் தங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பியிருந்த நேரம். மலை முகட்டில் இன்னும் கொஞ்சம் வெயில் மிச்சமிருந்தது. நனைந்த கம்பளியின் வாடையும் அடுப்புப் புகையும் கலந்து மூக்கில் ஏறின. வரிசையில் நின்ற பெண்கள் யாரும் பேசவில்லை. தண்ணீர்ப் பீலியடியில் ஒரு குடம் நிறைவதற்குள் ஒரு பாரதம் பேசி முடிப்பவர்கள் அவர்கள். வாயை மூடிக்கொண்டு நின்றதை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

சென்ற வாரம் பள்ளிக்கூடத்துத் தகரக் கூரை காற்றில் பறந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர், உங்கள் தோட்டத்தில் தேர்தல் எல்லாம் எப்படி நடந்தது என்று கேட்டிருந்தார். இதோ, இப்படித்தான் நடந்தது. நாட்டின் தேர்தலுக்கு நாலைந்து நாள் முந்தி, ஒரு கொழுந்துக் கூடையில்.

ஓட்டு இல்லாதவர்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள். ஓட்டு உள்ள ஒரே ஒருவர் கூடைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஒட்டின காகிதம், ஒட்டாத காகிதம்

மருதாயி அக்காவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். டயகமப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கில் கொழுந்து பறித்தவர். அப்போது நாற்பத்தைந்தைத் தாண்டியிருப்பார். கணவர் பெரிய சண்டைக் காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டார். ஒரே மகளைக் கொத்மலைப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டு, தம்பி சடையனோடு லயத்து ஒற்றை அறையான ஒரு காம்பிராவில் இருந்தார். சடையன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். அவன் கத்தி பட்ட மலை, அப்போதுதான் முடிவெட்டிக்கொண்ட தலை மாதிரி இருக்கும்.

நாடு சுதந்திரம் பெற்ற கையோடு எங்கள் ஆட்களின் ஓட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதற்கு முன் ஒரு தடவை அவர்கள் பெருவாரியாக ஓட்டுப் போட்டிருந்தார்கள். ஹட்டனில் இருந்த என் அப்பாவும் போட்டார். அந்த ஒரு தடவையை அவர் தன் கல்யாணத்தைச் சொல்வது போலச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு சட்டம் வந்தது. இத்தனை வருடம் இந்த நாட்டை விட்டு நகராமல் இருந்தாய் என்று காகிதத்தைக் காட்டு, பிரஜையாகப் பதிகிறோம் என்றது. காகிதத்துக்கு எங்கே போவது? பாதிப் பேருக்குப் பிறப்புப் பதிவே கிடையாது. கையில் இருந்ததெல்லாம் சண்டைக் காலத்து அரிசிக் கூப்பன் புத்தகங்கள்தான். ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட காலத்தில், அரிசியை அளந்து கொடுப்பதற்காக ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தது.

அந்தப் புத்தகங்களை எங்கள் ஆட்கள் என்ன செய்திருந்தார்கள் தெரியுமா? மாவுப் பசை காய்ச்சிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். லயத்துச் சுவர் வெடிப்புகளில் மலைக்காற்று ஊசியாக இறங்கும். பிள்ளைக்குச் சளி பிடித்திருக்கிறது, கையில் கெட்டியாக ஒரு காகிதம் இருக்கிறது, சண்டையும் முடிந்துவிட்டது. வேறு என்ன செய்வார்கள்? சட்டம் வந்த பிறகு தண்ணீர் தெளித்துக் கத்தி முனையால் சுரண்டினார்கள். கரப்பான் தின்ற மிச்சம் துண்டு துண்டாக வந்தது. ஒருவர் சுவர்க் காரையோடு பெயர்த்து, ஓலைப்பெட்டியில் வைத்து, நுவரெலியாவில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்துக்கே தூக்கிக்கொண்டு போனார். அங்கே ஒரு கிளாக்கர் பார்த்துச் சிரித்தாராம். அந்தச் சிரிப்பின்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

மருதாயி அக்காவின் காம்பிரா லயத்தின் நடுவில் இருந்தது. இரண்டு பக்கமும் அடுத்த வீடு என்பதால் காற்று அவ்வளவாக வராது. எனவே ஒட்டவில்லை. கூப்பன் தகரப் பெட்டியில் மடிப்புக் கலையாமல் கிடந்தது. கணவர் இல்லாதவர் ஆனதால் தன் பேரிலேயே விண்ணப்பம் போட முடிந்தது. எழுதிக் கொடுத்தவன் தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டரான நான்தான். அக்கா இங்கேதான் இருந்தார் என்று சாட்சிக்குக் கைநாட்டு வைத்தவர்கள் லயத்துக்காரர்கள்.

வருடக் கணக்கில் இழுத்தடித்துக் கடைசியில் அவருக்குப் பிரஜாவுரிமை வந்தது. சாட்சி சொன்னவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. பாடம் சொல்லிக்கொடுக்கிற எனக்கும் வரவில்லை.

சடையனுடைய கதைதான் எல்லாவற்றையும் விடக் கொடுமை. அவனிடமும் கூப்பன் பத்திரமாக இருந்தது. ஆனால், ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்த அப்பா இறந்துவிட்டார் என்று தெரிந்ததும், காரியம் செய்ய அவன் தலைமன்னாரில் கப்பல் ஏறித் திருச்சிப் பக்கம் போயிருந்தான். ஒரு மாதத்தில் திரும்பிவிடுவதாகச் சொல்லித்தான் போனான். அதற்குள் சண்டை கடலுக்கு வந்துவிட்டது. போக்குவரத்தை மறித்துவிட்டார்கள். அவன் திரும்பி வந்தபோது ஒன்றரை வருடம் ஆகிவிட்டிருந்தது. அந்த ஒன்றரை வருடத்தைக் காட்டி விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். அப்பீல் எழுதிப் போட்டேன். அது கொழும்பில் எங்கேயோ தூங்கியது.

ஒரே சண்டைதான். அக்காவுக்குக் காகிதத்தைக் கொடுத்தது, தம்பியிடமிருந்து நாட்டைப் பிடுங்கியது.

அதனாலோ என்னவோ, மருதாயி அக்கா தன் ஓட்டைத் தன்னுடையது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. பேர்தான் என் பேர், ஓட்டு லயத்து ஓட்டு என்பார். ஒவ்வொரு தேர்தலுக்கும் வீடு வீடாகப் போய் யாருக்குப் போட என்று கேட்பார். கீழ்க்கணக்கில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஓட்டு இருந்தது. அவர்களும் மேல்கணக்கு என்ன சொல்கிறது என்று பார்த்துத்தான் போடுவார்கள்.

நான் கொண்டுவந்த சண்டை

என்னுடைய குற்றத்தையும் சொல்ல வேண்டும். எனக்குப் பத்திரிகைப் பைத்தியம். ஹட்டனுக்கு ரயிலில் வந்து, பஸ்ஸில் ஏறி, ஒரு நாள் பழசாகி எங்கள் தோட்டத்துக்கு வரும் பத்திரிகையை எழுத்து விடாமல் படிப்பேன். எந்தச் சண்டை எந்தத் தேர்தலைக் கவிழ்த்தது என்று பாடமே நடத்துவேன்.

கொரியாவில் சண்டை நடந்தபோது ரப்பர் விலை ஏறி, கினிகத்தேனைப் பக்கத்தில் ரப்பர் வைத்திருந்தவர்கள் சிரித்த முகமாகத் திரிந்தார்கள். சண்டை ஓய்ந்தது, ரப்பர் விலை படுத்தது, அரிசி விலை எழுந்தது. அடுத்த தேர்தலில் பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் குப்புற விழுந்தார்கள். எங்கோ சுட்ட துப்பாக்கி இங்கே ஒருவன் நாற்காலியைக் கவிழ்க்கும் என்று பீலியடியில் நின்று விளக்குவேன். தலைமேல் குடத்தோடு நின்று கேட்டவர்களின் பொறுமையை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இமயமலையில் சீனாவும் இந்தியாவும் சண்டை போட்டபோது என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. கரும்பலகையில் படம் போட்டேன். லயத்து வாசலில் பத்திரிகையைச் சத்தமாக வாசித்தேன். ஊரில் சொந்தபந்தம் உள்ளவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கூப்பனுக்குக் கிடைக்கிற அரிசி சீனாவிலிருந்து வருவது என்று ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். ஏழெட்டு வீடுகளில் அந்த அரிசியை உலையில் போட மாட்டோம் என்று கட்டி வைத்துவிட்டார்கள். மூன்று நாள் வெறும் ரொட்டி. மூன்றாம் நாள் பிள்ளைகள் அழுத அழுகையில் எனக்குப் பாடம் நடத்த முடியவில்லை.

மருதாயி அக்கா மட்டும் முதல் நாளிலிருந்தே அந்த அரிசியைப் பொங்கிச் சாப்பிட்டார். கேட்டதற்கு, "அரிசியா போயி சண்ட போட்டுச்சு மாஸ்டர்?" என்றார். அடுத்த வேளைக்கு எல்லா வீட்டிலும் உலை வைத்துவிட்டார்கள்.

பலகைப் பாலம்

இனித் தேர்தலுக்கு வருகிறேன். போட்டி இரண்டு பேருக்குள்தான். சின்னங்களை மாற்றிச் சொல்கிறேன். அந்தக் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. ஒருவர் குடை, மற்றவர் கடிகாரம்.

குடைக்காரர் பெரிய இடம். பஜாரில் மேடை போட்டுப் பேசினார். கடிகாரக்காரருக்குச் செங்கொடிக்காரர்கள் ஆதரவு, ஆகையால் அவர் சீனாவின் ஆள், அவருக்குப் போடும் ஓட்டு இமயத்தில் செத்த பிள்ளைகளின் நெஞ்சில் மிதிப்பது என்றார். நான் கைதட்டினேன். உள்ளங்கை சிவக்கத் தட்டினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கடிகாரக்காரர் எங்கள் தோட்டத்துக்குக் கீழே இருந்த சிங்களக் கிராமத்துக்காரர். கிராமச் சபையில் இருந்தவர். எங்கள் மேல்கணக்கிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக ஓயா என்கிற சிற்றாற்றைத் தாண்ட வேண்டும். மழைக்காலத்தில் அதில் இறங்க முடியாது. ஒரு வருடம் பிள்ளைவலி கண்ட ஒருத்தி இந்தக் கரையிலேயே கண்ணை மூடினாள். அடுத்த மழைக்கு முந்தி அந்த மனிதர் கிராமத்து ஆட்களையும் லயத்து ஆட்களையும் சேர்த்துக்கொண்டு, மரம் சுமந்து, பலகைப் பாலம் ஒன்றைப் போட்டார். தானும் தோள் கொடுத்தார்.

ஓட்டுக் கேட்க ஒரே தடவைதான் வந்தார். உடைந்த தமிழில், உங்கள் பிரஜாவுரிமைக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது, செய்வேன் என்று பொய் சொல்ல மாட்டேன் என்றார். பிளேன்டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். இந்த ஆளுக்கு அரசியலே தெரியவில்லை என்று நான் நினைத்தேன்.

ஜவுளிக்கடைக்காரர்

அந்தச் சமயம் எங்கள் ஆட்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று இந்திய அரசாங்கமும் இங்குள்ள அரசாங்கமும் எங்களைப் பங்கு பிரித்து ஒப்பந்தம் போட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. காகிதம் இல்லாதவன் கப்பல் ஏற வேண்டும் என்பதுதான் லயத்துக்குப் புரிந்த சேதி.

குடைக்காரருக்கு எங்கள் பகுதியில் வேலை செய்தவர் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு முதலாளி. பள்ளிக்கூடம் விட்ட பிறகு என்னைத் தேடி வந்து, மருதாயி அக்காவையும் சடையனையும் கூப்பிட்டுவிடச் சொன்னார். பிள்ளைகள் உட்காரும் வாங்கில் உட்கார்ந்து, மென்மையாகத்தான் பேசினார்.

"ஆத்தா, தம்பியோட அப்பீலு கொழும்புல கெடக்கு. நம்ம ஆளு ஜெயிச்சா ஒரு வார்த்த போதும். நீங்க குடைக்குப் போட்டுட்டு, கீழ்க்கணக்கு ஆளுங்களுக்கும் சொல்லிருங்க. சடையன் இங்கயே இருப்பான்."

மருதாயி அக்கா தம்பியைப் பார்த்தார். பிறகு, லயத்தைக் கேட்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். முதலாளி சிரித்துக்கொண்டே எழுந்து போனார். லயம் குடைக்கு எதிராகப் போகும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அவர் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். இதில் கேட்க என்ன இருக்கிறது, கூடப் பிறந்தவன் போய்விடுவான், பேசாமல் குடைக்குப் போடுங்கள் என்று கிட்டத்தட்டக் கத்தினேன்.

"அவங்க கைநாட்டுல வந்த ஓட்டு மாஸ்டர். என் தம்பிக்குன்னு நான் மட்டும் எடுத்துக்கிட்டா அதுக்குப் பேரு என்னா?"

சடையன் சன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். முதலாளி பேசியதை லயத்தில் மூச்சு விடக் கூடாது என்று அக்கா எங்கள் இருவரிடமும் வாக்கு வாங்கிக்கொண்டார். தெரிந்தால் எல்லாரும் சடையனுக்காகப் போட்டுவிடுவார்களாம். அவர்கள் மனதில் உள்ளது வர வேண்டுமாம்.

கூடை

வீடு வீடாகக் கேட்டால் ஒருவர் முகத்துக்கு ஒருவர் பயப்படுவார்கள், ரகசியமாக நடத்துவோம் என்று யோசனை சொன்னவன் நான். குடை வேண்டும் என்பவர் கொழுந்து ஒன்றைப் போட வேண்டும், கடிகாரம் வேண்டும் என்பவர் முத்தல் இலை ஒன்றைப் போட வேண்டும் என்று விதி வகுத்தவனும் நான்தான். அது எவ்வளவு மடத்தனமான விதி என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. ஹட்டன் பஜாரில் வளர்ந்தவன், ஒரு நாள் கூட முதுகில் கூடை மாட்டாதவன்.

எல்லாரும் போட்டு முடித்ததும் சாக்கை விரித்துக் கூடையைக் கவிழ்த்தோம். பச்சைப் பசேலென்று கொழுந்து. முத்தல் இலைகள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் வாசித்த பத்திரிகை வீண் போகவில்லை என்ற பெருமை ஒரு பக்கம், சடையன் தப்பித்தான் என்ற நிம்மதி ஒரு பக்கம். அவனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மருதாயி அக்கா குவியலுக்கு முன்னால் குந்தினார். கொழுந்துகளைக் கையால் அளைந்தார்.

"இது செல்லாது மாஸ்டர். கூடைக்குள்ள முத்தல் போட எந்தக் கை வரும்?"

எனக்கு விளங்கவில்லை. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்த பிறகுதான் விளங்கியது. கூடையில் முத்தல் இலை கிடந்தால் நிறுக்கும் இடத்தில் வேலையை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா கையை விட்டுக் கிளறுவார். எடையில் றாத்தலைக் குறைப்பார், ஏசுவார், சில நாள் அரைப் பேர்தான், அரை நாள் கூலிதான் போடுவார். சின்ன வயதிலிருந்து அந்தக் கைகள் முத்தலைக் கிள்ளித் தூர எறிந்தே பழகியவை. தனக்குக் கடிகாரம்தான் வேண்டும், ஆனால் கூடைக்குள் கையை விட்டதும் கண்டாக்கின் மூஞ்சி தெரிந்தது என்று ஒருத்தி ஒப்புக்கொண்டாள். தானும் அப்படித்தான் என்றாள் இன்னொருத்தி. கவ்வாத்து ஆண்கள்தான் துணிந்து முத்தல் போட்டிருந்தார்கள்.

அக்கா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் முடிந்திருக்கும். எனக்குக்கூடத் தெரிந்திருக்காது. அந்தக் கொழுந்துக் குவியலில் அவருடைய தம்பி இருந்தான். அதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் சொன்னார். நான் படித்த புத்தகங்களில் பெரிய நியாயவான்கள் நிறையப் பேர் உண்டு. இந்த மனுஷிக்குப் பக்கத்தில் நிற்க அவர்களில் பாதிப் பேருக்குத் தகுதி கிடையாது.

அவர் நிமிர்ந்து சடையனைப் பார்த்தார். நானும் பார்த்தேன். லயத்தில் மற்றவர்கள் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சடையன் வந்து, சாக்கின் நான்கு முனைகளையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய், அத்தனை கொழுந்தையும் தண்ணீர் ஓடும் கானில் கொட்டினான்.

"வேற எதையாச்சும் வைங்க மாஸ்டர்" என்றான்.

இந்தத் தடவை குடைக்கு மிலார் குச்சி, கடிகாரத்துக்குக் கூழாங்கல். மிலார் என்றால் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிதான், அடுப்புக்கு எரிப்பது. குச்சிக்கும் கல்லுக்கும் கண்டாக்கிடம் ஏச்சு கிடையாது. மறுபடி வரிசை நின்றது. நான் குச்சி போட்டேன். எண்ணும் வேலையைச் சடையன் தானே எடுத்துக்கொண்டான். குச்சிகளை ஒரு பக்கம் அடுக்கினான், கற்களை ஒரு பக்கம் குவித்தான். பாதியிலேயே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கடைசிக் கல் வரை எண்ணினான்.

"கல்லுதான் அக்கா" என்றான்.

தேர்தலன்று மருதாயி அக்கா பெட்டியில் இருந்த வெள்ளைச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, கீழே கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். துணைக்கு நானும் போனேன். வழியில், யாருக்குப் போட்டோம் என்பது யாருக்கும் தெரியாது, முதலாளி கேட்டால் தலையை ஆட்டிவிடுங்கள், சடையனுக்கு அதுவாவது உதவட்டும் என்று கெஞ்சினேன். அவர் நடையைத் தளர்த்தவில்லை.

பள்ளிக்கூடத்துக்குத் தள்ளி ஒரு கடை வாசலில் முதலாளி நின்றார். வணக்கம் சொன்னார். அக்காவும் கும்பிட்டார். லயம் கடிகாரத்துக்குச் சொல்லிவிட்டது, அதற்குத்தான் போடப் போகிறேன், உங்களுக்குத் தெரியாமல் செய்யக் கூடாது என்று நேராக முகத்தைப் பார்த்துச் சொன்னார். முதலாளி, உங்க தம்பி பாடு இனி உங்க பாடு என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் போனார். அக்கா உள்ளே போய் ஓட்டைப் போட்டுவிட்டு வந்தார்.

கடிகாரக்காரர் தோற்றுப்போனார். பஜாரில் சீனா எடுபட்டது. எங்கள் பக்கத்தில் எடுபட்டது பாலம். எங்கள் பக்கத்தில் ஓட்டுத்தான் இல்லை.

கடிதம்

அந்த வருட மழை பிடிப்பதற்குள் சடையனின் அப்பீலுக்குப் பதில் வந்தது. அக்கா வேலை முடிந்து, கூடையைக்கூட இறக்காமல் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார். இங்கிலீஷில் ஒரே பக்கம். நிராகரிக்கப்பட்டது. காரணம் அதே ஒன்றரை வருடம்.

தமிழில் மெதுவாகச் சொன்னேன். அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது. முதலாளியிடம் போய்ப் பேசிப் பார்க்கிறேன், லயத்து ஆட்களையும் கூட்டிக்கொண்டு போகிறேன், நடந்ததை எல்லாரிடமும் சொல்லிவிடுவோம் என்றேன்.

அன்று வரிசையில் நின்றவர்கள் ஒருவரும் இப்போது அந்த லயத்தில் இல்லை. பலர் கப்பல் ஏறிவிட்டார்கள், பலர் மண்ணுக்குள் போய்விட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். இதுவரை அவர் கேட்டுக்கொண்டபடி நான் வாயைத் திறக்கவில்லை.

அன்று அக்கா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னார்: "முதலாளி பேசிட்டுப் போனது லயத்துக்குத் தெரிய வேணாம் மாஸ்டர். தெரிஞ்சிச்சுன்னா, கல்லு போட்டவங்களுக்குச் சோறு எறங்காது."